கணவாயை விட்டு நடந்தவர் – கடிதம்

வணக்கம் சார்,

வீடியோ கேம்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘வே ஆஃப் தி சாமுராய்’ என்ற பழைய கேமைப் போகிற போக்கில் புகழ்ந்திருந்தீர்கள். நண்பனிடம் தூசி படிந்து கிடந்த பிளேஸ்டேஷன் 2ஐ வாங்கிவந்து ஆடிப் பார்த்தேன். முதல் ஆட்டத்தில் சீக்கிரமே செத்துவிட்டேன், முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. அடுத்த ஆட்டத்தில் யாரோடும் சேராமல் ஊரைவிட்டு நடந்தேன். அவ்வளவுதான், கேம் முடிந்துவிட்டது! அதற்கடுத்து, அதில் மோதிக்கொள்ளும் இரண்டு கூட்டங்களில் ஒன்றான குரோ குடும்பத்தோடு சேர்ந்தேன். இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது, அதுவும் முடிந்துவிட்டது.

நான் ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ என்ற சாமுராய் கேமை ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆடியவன். அதில் கதை இருக்கிறது. கடைசியில் தொண்டையை அடைத்தது. இதிலோ எப்படிப் போனாலும் சரி என்கிறார்கள். அப்படியென்றால் செய்தவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை என்றுதானே அர்த்தம்? இதற்கு அடுத்தடுத்த பாகங்கள் வேறு இருக்கின்றனவாம். ஆடலாமா, விட்டுவிடலாமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

யாரோடும் சேராமல் நடந்து போய்விட்டேன் என்று குறைப்படுகிறீர்கள். அந்தக் கேமில் நீங்கள் செய்த நல்ல காரியமே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நடந்தால் போக விடுகிற கேம்கள் ரொம்பக் குறைவு. மற்றவற்றில் ஊர் எல்லையில் ஒரு கண்ணுக்குத் தெரியாத சுவர் இருக்கும், அல்லது ‘உனக்கு இங்கே வேலை இருக்கிறது’ என்று ஒரு வரி வந்து திருப்பி அனுப்பும். இங்கே யாரும் தடுப்பதில்லை. போகிறாயா, போ. நீ இல்லாமலும் அங்கே நடக்க வேண்டியது நடக்கும்.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2002இல் ஜப்பானின் அக்வயர் நிறுவனம் செய்த கேம் இது. அதற்கு முன் 1998இல் ‘தென்சூ’ என்ற நிஞ்ஜா கேமால் பேர் வாங்கியவர்கள். இதன் கதை 1878இல், ரொக்கொட்சு என்ற கற்பனைக் கணவாயில் நடக்கிறது. அங்கே ஓர் இரும்பு ஆலை. அதைச் சுற்றி இரண்டு கூட்டம்: பழைய செல்வாக்கை விடமுடியாத குரோ குடும்பம், புதிய அரசாங்கத்தை வெறுக்கும் அகதமா கூட்டம். நடுவில் எந்தப் பக்கமும் இல்லாத ஊர்ச்சனங்கள். எங்கிருந்தோ வரும் ஒரு சாமுராய் நாம். பாலத்தில் ஏறியதுமே சுஸு என்ற பெண்ணைச் சிலர் இழுத்துக்கொண்டு போகிறார்கள். குறுக்கே புகலாம், பேசாமல் ஒதுங்கலாம், இழுப்பவர்களுக்கு உதவக்கூடச் செய்யலாம். மொத்தம் இரண்டு நாள் கதை.

1878 என்ற ஆண்டை அவர்கள் சும்மா வைக்கவில்லை. கேம் இதை உட்காரவைத்து விளக்குவதும் இல்லை, அதனால் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. 1868இல் பேரரசர் மெய்ஜியின் ஆட்சி வந்தது. 1871இல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளை ஒழித்து மாவட்டங்கள் ஆக்கினார்கள். 1873இல் கட்டாய ராணுவச் சேவை. அதாவது, தலைமுறை தலைமுறையாகச் சண்டை எங்கள் தொழில் என்று இருந்தவர்களின் வேலையை விவசாயியின் மகனிடம் துப்பாக்கியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். 1876 இன்னும் மோசம். மார்ச் மாதம் வாள் ஏந்தத் தடை வந்தது. ராணுவம், போலீஸ், அரசு விழாக்களுக்கு முழு உடுப்பில் வருகிறவர்கள், இவர்களைத் தவிர யாரும் இடுப்பில் வாளோடு தெருவில் நடக்கக்கூடாது. அதே ஆண்டு, பரம்பரையாக வந்துகொண்டிருந்த சம்பளத்தையும் நிறுத்திக் கையில் கடன்பத்திரத்தைத் திணித்தார்கள். பெரிய குடும்பங்கள் அதை வைத்துச் சமாளித்தன. கீழ்மட்டச் சாமுராயின் பத்திரத்துக்கு வந்த வட்டியில் குடும்பம் நடத்த முடியாது. குடும்பங்களையும் சேர்த்தால் அன்றைய ஜப்பானில் சுமார் 5, 6 சதவீதம் பேர் இந்த வர்க்கம்.

கோபம் வெடிக்காமல் இருக்குமா? 1876இலேயே குமாமோட்டோ, அகிசுகி, ஹகி என்று வரிசையாகக் கலகங்கள். 1877இல் சைகோ தகமோரி தலைமையில் சட்சுமா போர். அதை அடக்கியது கட்டாயச் சேவைக்கு வந்த அந்த ராணுவம்தான். செப்டம்பர் 24ஆம் தேதி, ஷிரோயாமா மலையில் மிச்சமிருந்த சில நூறு பேரோடு சைகோ முடிந்துபோனார். 1878 மே மாதம், அவருடைய பால்யகால நண்பரும் பிறகு எதிரியுமான உள்துறை அமைச்சர் ஒகுபோ தோஷிமிச்சியை டோக்கியோவில் குதிரை வண்டியை மறித்து வெட்டிக் கொன்றார்கள். வெட்டிய ஆறு பேரும் சாமுராய் வர்க்கத்தவர்கள்.

இந்த ஆண்டில்தான் நீங்கள் இடுப்பில் வாளோடு பாலத்தில் ஏறுகிறீர்கள், கே. அதாவது உங்கள் முதல் அடியே சட்டவிரோதம். போர் முடிந்துவிட்டது, தோற்ற பக்கம் எது என்பது எல்லோருக்கும் தெரியும். குரோவா அகதமாவா என்று நீங்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறீர்கள். இரண்டுமே போகப்போகிறவைதான். அரசாங்கத்துக்கு வேண்டியது இரும்பு. (கற்பனைக் கணவாய் என்றாலும் இரும்பு ஆலை கற்பனைச் சரக்கில்லை. அந்த ஆண்டுகளில் கமாயிஷி என்ற ஊரில் அரசே பிரிட்டிஷ் இயந்திரங்களை வைத்து இரும்பு ஆலை கட்டிக்கொண்டிருந்தது. 1880இல் ஓடத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டது. அது தனிக்கதை.) எந்தப் பக்கம் சேர்ந்தாலும் வெற்றி கிடையாது என்று ஆனபிறகு, சேருவதா வேண்டாமா, யாருக்காக வாளை உருவுவது என்ற கேள்விகளுக்கு வேறு எடை வந்துவிடுகிறது. ‘செய்தவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை’ என்கிறீர்களே, இவ்வளவையும் அவர்கள் களத்தைத் தேர்ந்தெடுத்த இடத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

சரி, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்ற புகாருக்கு வருவோம். அது குறையில்லை. அந்த நீளத்தில்தான் இப்படி ஒரு கேமைச் செய்யவே முடியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கதையில் எட்டு இடங்களில் மும்மூன்று வழிகள், ஒவ்வொன்றும் உண்மையிலேயே தனித்தனியாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் 6,561 கதைகள் வேண்டும். யாராலும் எழுத முடியாது. எழுதினாலும், ஒருவர் ஆடும்போது மற்றவற்றை எல்லாம் பார்க்கப்போவதில்லை. ஐம்பது மணி நேரக் கேமில் பெரும்பாலானவர்கள் பார்க்காத காட்சிகளுக்காக நடிகர், அனிமேஷன், குரல் என்று செலவழிக்க எந்த முதலாளி சம்மதிப்பார்? அதனால் பெரிய கேம்களில் வழக்கமாக ஒரு வேலை செய்வார்கள். பிரித்த கிளைகளை அடுத்த திருப்பத்திலேயே மறுபடி ஒன்றாகக் கட்டிவிடுவார்கள். நீங்கள் ‘ஆம்’ சொன்னாலும் ‘இல்லை’ சொன்னாலும் எதிரில் நிற்பவர் இரண்டு வரி மாற்றிப் பேசுவார், பிறகு இருவரும் அதே கோட்டைக்குத்தான் போவீர்கள். வலப்பக்கம் போனேன் என்ற நினைப்பு மட்டும் உங்களுக்கு மிஞ்சும்.

அக்வயர்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். மேப்பைச் சுருக்கினார்கள், காலத்தையும் சுருக்கினார்கள். ஒரே நேரத்தில் வெவ்வேறு இடங்களில் சம்பவங்கள் நடக்கும்படி வைத்தார்கள். கல்யாண வீட்டில் தாலி கட்டும்போது பந்தலில் இருப்பவருக்கு, அதே நிமிடம் சமையற்கட்டில் சம்பந்திகள் போட்ட சண்டை தெரியாது அல்லவா, அது மாதிரி. குரோ மாளிகையில் நிற்கும் சாமுராய்க்கு அகதமா முகாமில் அந்த மாலை நடந்தது தெரியாது. அடுத்த ஆட்டத்தில் அங்கே போய் நின்றால், போன ஆட்டத்தில் அயோக்கியனாகத் தெரிந்தவன் ஏன் அப்படிச் செய்தான் என்று புரியும். திரையில் வரும் பதில் பட்டியல் இதில் பாதிதான். எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தீர்கள் என்பதே பெரிய தேர்வு. அதற்குத் தனியாக ஒரு பட்டனும் கிடையாது. தெரியாமலே செய்துகொண்டிருப்போம். அதனால்தான் ஒருமுறை ஆடிவிட்டு இதை எடைபோட முடியாது. சிறுகதைத் தொகுப்பில் முதல் கதையை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடியிருக்கிறீர்கள்.

‘எப்படிப் போனாலும் சரி’ என்று கேம் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லவில்லையே? எப்படிப் போனாலும் போகவிடுகிறது, அவ்வளவுதான். போனபிறகு அதன் கணக்கைக் கொண்டுவந்து முன்னால் வைக்கிறது. பாலத்தில் சுஸுவை விட்டுவிட்டு நடந்தவனிடம் ஊர் அதே முகத்தோடு பேசாது. யாரையும் வெட்டலாம், கதைக்கு முக்கியமானவரைக்கூட. வெட்டினால் அவர் அந்த ஆட்டத்துக்கு இல்லை, அவர் வழியாகத் திறந்திருக்க வேண்டிய கதையும் இல்லை. ஒரு முடிவை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்தி யாரும் பிரசங்கம் செய்வதில்லை என்பது உண்மை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி சுஷிமா. (இன்னும் முடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) 2020இல் வந்த அந்தக் கேம் எனக்கும் பிடிக்கும். காற்றைத் தொடர்ந்து போய் வழி கண்டுபிடிக்கும் அந்த ஏற்பாடு ஒன்றே போதும், அழகு. 1274இல் மங்கோலியர் சுஷிமா தீவில் இறங்கியது நடந்த வரலாறு. அங்கே கதாநாயகன் ஜின் பேசும் ‘சாமுராய் மானம்’ எல்லாம் பெரும்பாலும் பல நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்ட சரக்கு, போகட்டும். என் சங்கடம் வேறு. கதை முழுக்க ஒரே விவாதம்: நேருக்கு நேர் நின்று சண்டையிடுவதா, இருட்டில் முதுகில் குத்துவதா? சித்தாந்தமே அதுதான். ஆனால் அந்த விவாதத்தில் நமக்கு ஓட்டு இல்லை. நீங்கள் எல்லா எதிரிகளையும் பகலில் பெயர் சொல்லி அழைத்துச் சண்டையிட்டிருந்தாலும், குறிப்பிட்ட இடம் வந்ததும் ஜின் மங்கோலியர் குடிக்கும் பானத்தில் விஷம் கலந்தே தீருவான். கடைசியில் ஜின்னின் மாமாவைக் கொல்வதா விடுவதா என்று கேட்கிறார்கள். உங்களுக்குத் தொண்டையை அடைத்தது நியாயம், நன்றாக எழுதிய காட்சி. ஆனால் அந்த ஒரே பெரிய தேர்வு கதையின் கடைசி நிமிடத்தில் வருகிறது. எதைத் தேர்ந்தாலும் அதோடு வாழ்வதற்குக் கதை மீதமில்லை. அது நல்ல நாவல். நான் பாராட்டியது வேறொரு பண்டத்தை.

சாவு விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வதை ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். புதிதாக ஆடுபவரை இந்தக் கேம் கொஞ்சம் இரக்கமில்லாமல்தான் நடத்துகிறது. செத்தால் அந்த ஆட்டம் போச்சு, கையில் வைத்திருந்த வாள்களும் போச்சு. உயிரோடு முடித்தால்தான் வாள் அடுத்த ஆட்டத்துக்கு வரும். வெறித்தனமாக அடித்துக்கொண்டே இருந்தால் வாள் முறிந்துவிடும், அதைத் தாங்கும்படி செய்துதர தோஜிமா என்ற கொல்லரிடம் போகவேண்டும். இந்த விதிகள் சேர்ந்து ஒரு காரியம் செய்கின்றன. நல்ல வாள் ஒன்று கையில் வந்தபிறகு சண்டையைப் பார்த்தால் தயக்கம் வருகிறது. நடந்து போய்விடலாமா என்று தோன்றுகிறது. வாளோடு வந்தவனுக்கு அந்த யோசனை வரவைத்ததே பெரிய விஷயம். மற்றபடி கேமரா சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது, ஆங்கிலக் குரல்களின் கொடுமை, அடுத்த சம்பவம் வரும்வரை சும்மா சுற்றவேண்டிய நேரங்கள், இதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

அடுத்த பாகங்கள். இரண்டாம் பாகம் 2003இல் வந்தது. அமஹரா என்ற ஊர், பத்து நாள். நாள் கூடியதால் கதை நீர்த்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். 2011இல் வந்த நான்காம் பாகம் பிரிட்டிஷ்காரர்கள் வந்திறங்கும் ஒரு துறைமுக ஊரில் நடக்கிறது. களம் பிரமாதம், ஆனால் பெண்களை வைத்துச் செய்த மட்டமான நகைச்சுவை அதில் நிறைய, ராத்திரி சுவரேறிக் குதிக்கும் சில்லறை ஆட்டம் உட்பட. வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஆடமுடியாது.

எடுப்பதானால் 2008இல் வந்த மூன்றாம் பாகத்தை எடுங்கள். பிரபுக்கள் தங்களுக்குள் மோதிக்கொண்ட பழைய உள்நாட்டுப் போர்க்காலத்து அமனா என்ற நிலப்பகுதி. அதில் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்பதற்கென்றே ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். சண்டைக்கு நடுவிலும் அழுத்தலாம், சிலர் விட்டுவிடுவார்கள், சிலர் விடமாட்டார்கள். வாளைத் திருப்பிப் பிடித்து மழுங்கிய முதுகால் அடித்து, ஆளைக் கொல்லாமல் சாய்க்கவும் முடியும். ஸ்டீம் என்ற இணையக் கடையில் கணினிக்கும் கிடைக்கிறது. குரலை ஜப்பானிய மொழியில் வைத்துக்கொள்ளுங்கள், கீபோர்டில் ஆடாதீர்கள், கண்ட்ரோலர் வேண்டும். அப்புறம், முதல் பாகத்தில் நீங்கள் இன்னும் அகதமா பக்கம் போகவே இல்லை. பிளேஸ்டேஷனை நண்பரிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அதை ஆடிவிடுங்கள்.