காகிதப் பாய்மரக் கப்பல்: கேட்டவர்களுக்கு என் பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் காகிதத்திலும் அட்டையிலும் கப்பல் கட்டுவது பற்றி என்னிடம் கேட்டவற்றைச் சுருக்கி, பதிலோடு எழுதுகிறேன்.

அண்ணே, முதல் கப்பலாகவே ‘கட்டி சார்க்’ (Cutty Sark) என்ற பழைய பாய்மரக் கப்பலைச் செய்ய ஆசை. முடியுமா?

கப்பலின் உடலைச் செய்ய முடியும் தம்பி, கயிறு கட்டுவதுதான் உன்னைச் சோர வைத்துவிடும். 1869இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டிய கப்பல் அது, உடல் மட்டும் ஏறக்குறைய 65 மீட்டர். 1:200 அளவில் செய்தால் சுமார் 32 சென்டிமீட்டர் வரும். அந்த அளவில் மூன்று பாய்மரத்துக்கும் கயிறு கட்டுவது முதல் கப்பலுக்கு வேண்டாம். திரெங்கானுவின் பூலாவ் டுயோங்கில் செங்கால் என்ற கடின மரத்தில் கட்டி வந்தார்களே, அந்தப் பினாஸ் என்ற பாய்மரக் கப்பலை எடு. இரண்டே பாய்மரம், சீனக் கப்பல் பாணிப் பாய். பாயின் குறுக்கே சட்டங்கள் ஓடுவதால் அது ஏறக்குறைய தட்டையாகவே இருக்கும், காற்றில் உப்பின வளைவைக் காகிதத்தில் கொண்டுவரப் போராட வேண்டியதில்லை. நம் கடலின் கப்பல், காகிதத்துக்கும் இவ்வளவு பொருந்துகிறது, ஏன் இதை யாரும் செய்வதில்லை என்று எனக்கு ஆதங்கம்தான்.

கப்பலின் முன்பக்கம் சுருங்கிச் சுருங்கிப் போகிறது, ஏன்?

காகிதம் ஒரு பக்கமாகத்தான் வளையும், ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் வளையாது. அணியம் என்கிற முன்பக்கத்திலோ இரண்டு வளைவும் ஒன்றாக வருகின்றன. ஆகவே ஒரே துண்டாக ஒட்டாதீர்கள். முதலில் 1 மில்லிமீட்டர் சாம்பல் அட்டையில் நீளவாக்கில் ஒரு நடுச்சட்டமும் குறுக்கே விலாச்சட்டங்களும் வெட்டி, பிளவுகளில் கோர்த்துக்கொள்ளுங்கள், முன்பக்கத்தில் சட்டங்கள் நெருக்கமாக இருக்கட்டும். அதன் மேல் 160 கிராம் மணிலா அட்டையை 3, 4 மில்லிமீட்டர் பட்டைகளாக வெட்டி, முனையில் கொஞ்சம் ஒடுக்கி, பலகை அடுக்குகிற மாதிரியே ஒட்டுங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் உடல் முறுக்கிக்கொள்ளும், பிறகு நிமிர்த்தவே முடியாது. எனக்கு இந்த வேலைதான் முழுக்கப்பலிலும் பிடித்தது, இதில் அவசரப்படுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினேன், மழைக்காலத்தில் எல்லாமே நெளிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

டீச்சர், வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது, அதை அட்டை முழுக்கப் பூசினால் அதுவே நெளிய வைக்கும், அப்புறம் நம் ஊர் ஈரக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பெரிய பரப்புக்குத் தண்ணீர் இல்லாத பசை, ஓரத்துக்கு மட்டும் வெள்ளைப் பசை, அதுவும் பல்குச்சி முனையில் தொட்டு. இன்னொன்று, காகிதத்தில் இழை ஒரு திசையில் ஓடும். ஈரத்தில் அது இழைக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும், அதனால் பட்டைகளை இழையின் போக்கில் நீளமாக வெட்டச் சொல்லுங்கள். மடக்கிப் பார்த்தால் எந்தப் பக்கம் சுலபமாக மடிகிறதோ அந்த மடிப்புக் கோடுதான் இழையின் போக்கு. வேலை முடிந்ததும் உள்ளும் புறமும் வார்னிஷ். உள்பக்கம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள், ஈரம் அங்கிருந்தும் ஏறும். அரிசிமாவுப் பசை மட்டும் வேண்டாம், கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் விருந்துக்கு வந்துவிடும்.

பாய்மரத்துக்கும் கயிற்றுக்கும் எதை எடுப்பது?

பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கேட்டால் கிடைக்கிற சாத்தே இறைச்சி குத்தும் குச்சியே போதும், உப்புத்தாளால் மேலே போகப் போக ஒல்லியாகத் தேய்த்துவிடுங்கள். நூல் பாலியஸ்டர்தான். பருத்தி நூல் ஈரத்துக்கும் வெயிலுக்கும் இறுகித் தளர்ந்துகொண்டே இருக்கும். தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்தால் பிசிறும் அடங்கும். பாய்மரத்தைப் பிடித்து நிறுத்துகிற கயிறுகளுக்குக் கறுப்பு, ஏனென்றால் நிஜக் கப்பலில் அவற்றுக்குத் தார் பூசுவார்கள். பாயை ஏற்றி இறக்குகிற கயிறுகளுக்கு மங்கிய மஞ்சள். கறுப்பை முதலில் கட்டி முடியுங்கள், அதையும் இரண்டு பக்கமும் சமமாக இழுத்து, இல்லாவிட்டால் பாய்மரம் சாய்ந்துவிடும்.

தாத்தா இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்த ரஜூலா கப்பலைச் செய்ய முடியுமா அண்ணே?

தாராளமாக, தங்கச்சி. 1926இல் கட்டிய நீராவிக் கப்பல் அது, பாய் கிடையாது, ஆனால் பக்கங்கள் பெரும்பாலும் நேராக இருப்பதால் அட்டையில் வேலை இலகு. நீர்மட்டத்தோடு அடியை வெட்டிவிட்டு மேல்பகுதியை மட்டும் செய், முதல் முறைக்கு அது போதும். வீட்டில் பழைய படம் இருந்தாலும் புகைக்கூண்டின் நிறத்தைத் தாத்தாவிடம் கேட்டுக்கொள், கறுப்பு வெள்ளைப் படத்தில் அது தெரியாது.