டீப் ஃப்ரீசருக்கு அடிக்கடி கேஸ் நிரப்பலாமா?

வாசகர் கேள்வி - பதில்: கடையும் கருவிகளும்

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் பேக்கரி நடத்திவருகிறேன். ஐஸ்கிரீம் வைக்கும் டீப் ஃப்ரீசர் ஓராண்டுக்குள் மூன்று முறை குளிர்ச்சி இழந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் வந்த மெக்கானிக், ‘கேஸ் போய்விட்டது’ என்று கூறி நிரப்பிவிட்டுச் சென்றார். கம்பெனியில் சொன்னால் திருநெல்வேலியிலிருந்து ஆள் வருவதற்குள் சரக்கு வீணாகிவிடுகிறது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் செல்லும் கூட்டம் எங்கள் ஊர் வழியாகப் போகும் நாள்களில் இப்படி ஆனால் என் செய்வேன்? நம்பத்தகுந்த மெக்கானிக்கை எவ்வாறு கண்டறிவது?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: குளிர்பெட்டியின் குழாய்களில் உள்ள வாயு, வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலைப் போலச் செலவாகித் தீர்வதில்லை, மூடிய சுற்றுக்குள் அதே வாயுதான் ஆண்டுக்கணக்கில் சுழல்கிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றுதான் பொருள். கசிவை அடைக்காமல் மூன்று முறை கேஸ் நிரப்பியவர் மூன்று முறையும் உங்கள் பணத்தைக் காற்றில் விட்டிருக்கிறார். ஆகவே, ‘எவ்வளவு ஆகும்?’ என்பதற்கு முன்பாக, ‘எங்கே கசிகிறது?’ என்று கேளுங்கள். நைட்ரஜனை அழுத்தத்தில் செலுத்தி, இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பவரும், கசிவை அடைத்தபின், குழாய்ச்சுற்றில் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டரை மாற்றி, வாக்குவம் பம்பு வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, பெட்டியின் பெயர்த்தகட்டில் குறித்துள்ள எடைக்குத் தராசு வைத்து வாயு நிரப்புபவரும்தான் உங்களுக்குத் தேவை. ஈரம் உள்ளே தங்கினால் நுண்குழாயில் பனியாக உறைந்து அடைத்துக்கொள்ளும். சில வாரங்களில் மறுபடியும் ‘கேஸ் போய்விட்டது’ என்ற பழைய பல்லவியே கேட்கும்.

அந்தப் பெயர்த்தகட்டில் வாயுவின் பெயரும் இருக்கும். ஆர்-134ஏ, ஆர்-404ஏ ஆகியவை தீப்பற்றாதவை. அண்மைக்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-290 என்பதோ புரொப்பேன். சமையல் எரிவாயுவுக்கு நெருங்கிய உறவு. அடுப்பு எரியும் பேக்கரிக்குள் அந்தப் பெட்டியின் குழாயைத் திறந்து பற்றவைத்து ஒட்ட, அதற்கெனப் பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு எவரையும் அனுமதிக்காதீர்கள். கையிலிருக்கும் வேறொரு வாயுவை நிரப்பிச் சமாளித்துவிடலாம் என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கசிவுக்குக் காரணம் கடைக்குள்ளேயே இருக்கவும் கூடும். உள்சுவரில் படிந்த பனிக்கட்டியைக் கத்தியாலோ கரண்டிக்காம்பாலோ குத்திப் பெயர்க்கும் வழக்கம் உங்கள் பணியாளர்களிடம் உண்டா என்று விசாரியுங்கள். சுவரை ஒட்டி ஓடும் மெல்லிய குழாயில் ஊசித்துளை விழ அது ஒன்றே போதும். பெட்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவைத்துப் பனியை உருகவிடுவதே முறை. மேலும், குளிர்ச்சி குறைவதெல்லாம் வாயுக் குறைவும் அன்று. மைதாத் தூசியும் எண்ணெய்ப்பிசுக்கும், பெட்டியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் காயிலில் அப்பிக்கொள்வது, விசிறி நின்றுபோவது, கதவு ரப்பர் தளர்வது, மாலையில் வோல்டேஜ் இறங்குவது ஆகிய நான்கும் இதே அறிகுறியைக் காட்டும். இவற்றைப் பார்க்காமலேயே சிலிண்டரைத் திறப்பவர் கற்றுக்குட்டி.

ஆளைத் தேடும் இடம் குறித்து: திருநெல்வேலியில் குளிர்சாதன உதிரிபாகம் விற்கும் கடைகளில், ஃபில்டரும் செம்புக்குழாயும் தவறாமல் வாங்கிச் செல்பவர்களில் உங்கள் பக்கத்தவர் யார் என்று கேளுங்கள். இன்சுலின் வைத்திருக்கும் மருந்துக்கடையினரையும் மீன் கடையினரையும் விசாரிப்பது நல்லது. இரவில் அழைத்தாலும் வருபவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டவரை ஆனி மாதத்திலேயே வரவழைத்துப் பெட்டியைச் சோதிக்கச் செய்யுங்கள். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுவதானால், எத்தனை மணி நேரத்துக்குள் வருவார், கம்ப்ரசரும் வாயுவும் அதில் அடங்குமா அல்லது கூலி மட்டுந்தானா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

ஒருவேளை அந்தப் பெட்டி ஐஸ்கிரீம் கம்பெனி முன்பணம் பெற்றுக்கொண்டு கொடுத்ததாயின், வெளியாளை வைத்துத் திறக்குமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பெட்டி அவர்களுடையதாக இருந்தால் பழுதுபார்ப்பும் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பாகவே இருக்கும்.

கேள்வி: எங்கள் ஹோட்டலில் மும்முனை மின்சாரத்தில் ஓடும் மாவு கிரைண்டரின் மோட்டார் இரண்டு முறை எரிந்து, காயில் கட்டியாயிற்று. மோட்டாரையே மாற்றிவிடலாமா?
- ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: காயில் கட்டுபவரிடம் எரிந்த சுற்றைக் காட்டச் சொல்லுங்கள். முழுவதும் ஒரே சீராகக் கருகியிருந்தால் மாவுப் பாரம் அதிகம், அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. ஒரு பகுதி கருகி, மற்றொரு பகுதி புதிதுபோல் இருந்தால், மூன்று ஃபேஸில் ஒன்று வராத நேரத்தில் மோட்டார் ஓடியிருக்கிறது. அப்படியானால் புது மோட்டாரும் எரியும். ஒரு ஃபேஸ் வராவிட்டால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் ஃபேஸ் பிரிவெண்டரும், பாரம் மிஞ்சினால் நிறுத்தும்படி மோட்டாரின் ஆம்பியருக்கு ஏற்ப அமைத்த ஓவர்லோடு ரிலேயும் பொருத்துங்கள்.

கேள்வி: மேலப்பாளையத்தில் நானும் ஓர் உதவியாளருமாக ஜூஸ் கடை நடத்துகிறோம். கோயம்புத்தூரில் வாங்கிய காட்சிக் குளிர்பெட்டி உத்தரவாதக் காலத்திலேயே பழுதாகிவிட்டது. விற்றவர் சரிசெய்ய மறுக்கிறார். வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தை நாட முடியாது என்கிறார்களே?
- ஒரு வாசகர், மேலப்பாளையம்

பதில்: பாதி உண்மை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் என ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கித் தாமே பயன்படுத்துபவருக்கு விலக்கு அளிக்கிறது. ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் மட்டும் அந்த விலக்கு போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டிலேயே கூறியுள்ளது. விற்றவர் கோயம்புத்தூரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. காலவரம்பு 2 ஆண்டுகள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்து பாருங்கள். பில்லும், உத்தரவாத அட்டையும், விற்றவருக்கு நீங்கள் எழுத்தில் அனுப்பிய முறையீட்டின் நகலும் கையில் இருக்கட்டும்.