பனிமலையே இல்லாத தமிழ்நாட்டில் ஆறு எப்படி உருவாகிறது? மழை நின்றதும் வற்றிவிட வேண்டாமா?

'இமயமலை ஆறுகள் வற்றாதவை, தென்னக ஆறுகள் மழையை நம்பியவை' என்று பள்ளியில் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். நானும் அதைத்தான் படித்தேன். ஆனால் எனக்குச் சொந்த ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கும் அம்பாசமுத்திரம். தேர்வில் தாமிரபரணியையும் வற்றாத ஆறு என்று எழுதியதற்கு மதிப்பெண் போனது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து, தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையின் அகத்தியர் கூடம் சிகரத்துக்கு ஏறினேன். உயரம் 1,868 மீட்டர். மழை ஓய்ந்த தை மாதம். ஆனாலும் சோலைக்குள் மலை மடிப்புதோறும் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. சருகை விலக்கி மண்ணை அள்ளிப் பிழிந்தால் கை நனைந்தது. பெய்த மழை அந்த மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்புகளில் தங்கி, மாதக்கணக்கில் மெல்ல வெளியேறுகிறது. கசிவுகள் கூடி ஓடையாகின்றன. ஓடை சரிவை அரித்துத் தன் தடத்தை ஆழமாக்குகிறது. ஆழமான தடத்துக்கு அக்கம்பக்கத்து ஓடைகளும் வந்து சேர்கின்றன. பேயாறு, உள்ளாறு, காரையாறு, சேர்வலாறு எல்லாம் கூடியதுதான் தாமிரபரணி. எந்த ஓடை அதன் பிறப்பிடம் என்று சண்டை போடுவது வீண். அதே மலையின் மேற்குச் சரிவில் விழும் மழையோ நெய்யாறாகி அரபிக்கடலுக்குப் போய்விடுகிறது.

"அணையைத் திறப்பதால்தானே கோடையில் ஓடுகிறது?" என்று யாராவது வருவார்கள். அணை உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் பாபநாசம் அணை 1940களில் வந்தது. இந்த ஆற்றுப் பாசனத்துக்கான கன்னடியன் கால்வாயும் நதியுண்ணிக் கால்வாயும் அதற்கு வெகு காலம் முந்தியவை. கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைந்த பூமி இது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பொதிகைக்குக் கிடைக்கின்றன. எல்லாத் தென்னக ஆறுகளும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பாலாற்றைப் பார்த்தவர்கள் என்னை அடிக்க வேண்டாம். தாமிரபரணியும் சில கோடைகளில் மெலிந்துதான் போகிறது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பரிகாரம் என்று பாபநாசம் படித்துறையில் முழுகிவிட்டு, உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்களே, அவர்களை யார் கேட்பது? குளிக்க இறங்கினால் யாரோ ஒருவரின் சேலை காலில் சுற்றுகிறது. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். உங்கள் பாவத்தைக் கழுவிக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. ஈரத்துணியைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போக முடியாதா?