யாருக்குத் தாலாட்டு?

கேள்வி: எங்கம்மாவுக்கு அறுபது வயசு, ரப்பர் தோட்டத்துல பால் மரம் சீவினவங்க, இப்ப டவுன்ல என்கூட இருக்காங்க. பாத்திரம் கழுவுறப்போ தாலாட்டு பாடுறாங்க, வீட்ல கைக்குழந்தையே இல்ல. கண்ணு கலங்குது, என்னம்மான்னு கேட்டா ஒண்ணுமில்லப்பாங்கிறாங்க. வலி இருந்தா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? பாட்டும் கவிதையும் ஏன் சுத்தி வளைச்சே பேசுது? வெறும் சீன்தானே இது?
- வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: சீன் இல்ல தம்பி. படிச்சதும் எனக்குக் கோவம் வந்தது, அத மறைக்க விரும்பல.

வாயத் தொறந்து சொல்லணும்னா கேக்க ஆள் வேணும், சொன்னப்புறம் அடி விழாம இருக்கணும். தோட்டத்து ஆளுங்களுக்கு வரிசையாக் கட்டின லயத்து வீட்ல நீங்க இருந்திருக்க மாட்டீங்க, நான் அங்கதான் பொறந்தேன். வீட்டுக்கு வீடு நடுவுல வெறும் பலகை, அதுவும் கூரை வரைக்கும் எட்டாது, இந்தப் பக்கம் மூக்க உறிஞ்சினா அந்தப் பக்கம் கேக்கும், விடியறதுக்குள்ள, வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக் களம் முழுக்க அதே பேச்சா இருக்கும். புருஷன் குடிச்சிட்டு வந்து அடிச்சத, வேலைய மேய்க்கிற கங்காணி கண்டபடி ஏசினத ஒரு பொம்பள எங்க போய்ச் சொல்லுவா? தொட்டில ஆட்டிக்கிட்டே புள்ளகிட்ட சொன்னா. அதுக்குப் புரியாது, யார்கிட்டயும் போய்ச் சொல்லவும் செய்யாது. யார் அடிச்சு நீ அழுறன்னு தாலாட்டுல புள்ளயக் கேக்குறாங்களே, அந்தக் கேள்விய அவளத்தான் யாராவது கேட்டிருக்கணும், யாரும் கேக்கல.

ஒப்பாரியும் அப்படித்தான். எழவு வீட்ல மாரடிச்சு அழுதா ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க, அதனால அங்க செத்தவருக்கு மட்டுமா அழுதாங்க, அவங்கவங்க மனசுல கெடந்த எல்லாத்துக்கும் சேத்துதான் அழுதாங்க. 1942, 43ல ஜப்பான்காரன் சயாமுக்கும் (இப்ப தாய்லாந்து) பர்மாவுக்கும் ரயில் பாதை போட நம்ம தோட்டங்கள்லருந்து ஆள் பிடிச்சிட்டுப் போனான், பல்லாயிரம் பேர் திரும்பவே இல்ல, பொணமும் வரல. பொணம் வராத வீட்ல எழவு எப்படிக் கூட்டுறது? அந்தப் பொம்பளைங்க அடுத்த வீட்டு எழவுலதான் தன் புருஷனுக்கு அழுதிருப்பாங்க. உங்கம்மா வாயில வர்ற பாட்டு அவங்க பாட்டிகிட்டருந்துகூட வந்திருக்கலாம்.

படிச்சவங்க கவிதை மட்டும் என்ன, அதுவும் இதத்தான் செஞ்சுது. குறுந்தொகை 58, வெள்ளிவீதியார் பாடினது. காதல் நோயில தவிக்கிறவன் எனக்கு வலிக்குதுன்னு சொல்லல. வெயில்ல கொதிக்கிற பாறை மேல வெண்ணெய், காவலுக்கு இருக்கறவனுக்குக் கையும் இல்ல, பேச்சும் வராது, கண்ணால பாத்துக்கிட்டே இருக்கான், அது உருகிப் பரவுது, என் நோய் அப்படிங்கிறான். அவ்வளவுதான். இத நேரா சொல்லிப் பாருங்க, வருதான்னு. (எங்களுக்கு வர்ற கவிதைல பாதி 'என் இதயம் கண்ணீர் வடிக்கிறது'ன்னே இருக்கு, படிச்சா எனக்கு ஒண்ணுமே ஆகறதில்ல.) உங்கம்மா சொன்ன ஒண்ணுமில்லப்பாவ அந்தப் பாறை மேல வெச்சுப் பாருங்க தம்பி.

அடுத்த தடவ பாடுறப்போ ஏம்மா அழுறன்னு கேக்காதீங்க. பக்கத்துல நின்னு பாத்திரத்த வாங்கித் தொடச்சு வைங்க, பாட்டு நின்னா அடுத்த அடி என்னம்மான்னு மட்டும் கேளுங்க. போனத் தூக்கி ரெக்கார்ட் பண்ணப் போயிடாதீங்க, அதப் பாத்தா வாய மூடிடுவாங்க.