தளபதியின் வாழ்க்கை வரலாறு: மேற்கோள் நிறைய இருந்தும் ஏன் போதவில்லை?

வாசகர் கேள்வி: இரண்டாம் உலகப் போரில் படை நடத்திய ஒரு தளபதியைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதினேன். அவருடைய நினைவுக்குறிப்பு நூல், அவர் படைப்பிரிவே வெளியிட்ட வரலாறு, அவர் இறந்தபோது நாளிதழில் வந்த அஞ்சலிக் கட்டுரை ஆகிய மூன்றையும் சான்றாகக் கொடுத்திருக்கிறேன். ‘புகழுரை; சார்பற்ற சான்று இல்லை’ என்று மேலே அறிவிப்பு வைத்துவிட்டார்கள். வரிக்கு வரி மேற்கோள் இருந்தும் என்ன குறை? நடுநிலைக்காக அவரைக் குறை சொல்லியும் நாலு வரி சேர்க்கட்டுமா?

பதில்: குறை சொல்லும் நாலு வரியால் கட்டுரை நடுநிலை ஆகிவிடாது. அந்த யோசனையை விட்டுவிடுங்கள். சிக்கல் சான்றுகளில்தான். மூன்று நூல்போலத் தெரிந்தாலும் பேசுவது ஒரே குரல். நினைவுக்குறிப்பு அவரே எழுதியது. படைப்பிரிவு வரலாற்றை எழுதியவர்கள் அவருக்குக் கீழ் வேலை பார்த்தவர்கள், அல்லது அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள். அஞ்சலிக் கட்டுரை பெரும்பாலும் இந்த இரண்டையும் பார்த்து அவசரமாக எழுதப்படுவது. மேற்கோள் இருக்கிறது என்றால் அந்தச் செய்தி எங்கோ அச்சாகியிருக்கிறது என்று மட்டுமே பொருள். முதலில் இதைச் சொன்னது யார், அவருக்கு எப்படித் தெரியும், அப்படிச் சொல்வதால் அவருக்கு என்ன லாபம் என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுப் பாருங்கள்.

ஜெர்மானியத் தளபதி எரிக் ஃபான் மான்ஸ்டைனை எடுத்துக்கொள்வோம். 1955இல் வந்த அவருடைய நினைவுக்குறிப்பு, படை நகர்வுகளைப் பற்றி மிக விரிவாகப் பேசும். தோல்விகளுக்கான பழி பெரும்பாலும் ஹிட்லர் தலையில் விழும். ஆனால் 1941 நவம்பர் 20 அன்று, பதினோராவது படையின் தளபதியாக, யூதர்களுக்கு எதிரான கடுமையான ஆணை ஒன்றில் அவர் கையெழுத்திட்டிருந்தார். போருக்குப் பின் நாஜித் தலைவர்கள் மீது நடந்த நியூரம்பெர்க் விசாரணையில் அது சான்றாகவே வைக்கப்பட்டது. 1949இல் ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றம் அவருக்கு 18 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது, 1953இல் விடுதலையானார். நினைவுக்குறிப்பை மட்டும் நம்பி எழுதுகிறவருக்கு இந்தப் பக்கம் கண்ணில் படாது. பொய்யைவிட, சொல்லாமல் விட்டதுதான் பெரிய ஆபத்து. ஏனென்றால் விட்டதைச் சரிபார்க்கப் பக்க எண் கிடையாது.

எழுதியவர் கையை விட்டுப் போன பிறகும் நினைவுக்குறிப்பு மாறும். சோவியத் தளபதி ஜுக்கோவின் நூல் தணிக்கைக்குப் பிறகே 1969இல் வெளிவந்தது. வெட்டப்பட்ட பகுதிகள் 1990 பதிப்பில் திரும்பச் சேர்க்கப்பட்டன. எனவே எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் மேற்கோளில் குறிப்பிடுங்கள்.

இதற்காக நினைவுக்குறிப்பைத் தூக்கி எறிய வேண்டாம். பிறந்த ஊர், படித்த பள்ளி, ஒரு முடிவுக்கு அவரே சொல்லும் காரணம் இதற்கெல்லாம் அது பயன்படும். ‘மழையால்தான் தாக்குதலைத் தள்ளிவைத்ததாக அவர் எழுதுகிறார்’ என்று அவர் பெயரிலேயே சொல்லலாம். ‘மழையால் தாக்குதல் தள்ளிப்போனது’ என்று கலைக்களஞ்சியத்தின் குரலில் சொல்ல வேண்டுமானால், அவரைச் சாராத வரலாற்றாளர் ஒருவர் தேவை.

ஒரே கதை பத்து நூல்களில் வந்திருந்தாலும் சான்று பத்து ஆகாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863 கெட்டிஸ்பர்க் சண்டையில் தென்மாநிலப் படை தோற்றதற்கு, அதன் தளபதி லீயின் கீழ் இருந்த லாங்ஸ்ட்ரீட்தான் காரணம் என்ற குற்றச்சாட்டு, லீ 1870இல் இறந்த பிறகே வலுத்தது. இரண்டாம் நாள் விடியலிலேயே தாக்கும்படி லீ ஆணையிட்டார், லாங்ஸ்ட்ரீட் தாமதித்தார் என்று லீயின் படையில் இருந்த பெண்டில்டன் என்ற முன்னாள் அதிகாரி பேசினார். அப்படி ஓர் ஆணை தங்களுக்குத் தெரியாது என்று லீயின் அலுவலக அதிகாரிகளே எழுதினார்கள். ஆனாலும் குற்றச்சாட்டு நூலுக்கு நூல் தாவியது. போருக்குப் பின் லாங்ஸ்ட்ரீட், எதிரணியான வடக்கின் கட்சியாகக் கருதப்பட்ட குடியரசுக் கட்சியில் சேர்ந்ததால் தென்மாநிலத்தவர் பலருக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை எங்கிருந்து வந்தது என்று புரியும். அப்புறம், கலைக்களஞ்சியக் கட்டுரையையே நகலெடுத்த இணையதளத்தை அதே கட்டுரைக்குச் சான்றாகக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். இறந்தவர்கள் 379 என்றது அரசுக் கணக்கு; காங்கிரஸ் விசாரணைக் குழு சுமார் 1,000 என்றது. இரண்டையும் கூட்டி நடுவில் ஓர் எண்ணைப் போடுவது நடுநிலை அல்ல. பிடித்த எண்ணை மட்டும் போடுவதும் அல்ல. இரண்டையும், சொன்னவர் யார் என்பதோடு எழுத வேண்டும். 1,650 குண்டுகள் சுடப்பட்டதாக, சுடும்படி ஆணையிட்ட அதிகாரி டயரே, அரசு அமைத்த விசாரணைக் குழுவான ஹண்டர் குழுவிடம் சொன்னார். தனக்கு எதிராகத் தானே சொன்னதால் அதற்குக் கனம் அதிகம். பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1920இல் 129க்கு 86 என்ற வாக்கில் டயருக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. அது வாழ்க்கை வரலாற்றில் இடம்பெற வேண்டிய செய்திதான், ஆனால் அவர் செய்தது சரி என்பதற்கு அது சான்றாகாது.

இனி நடுநிலை. தேர்ந்த வரலாற்றாளர்கள் எதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார்களோ, ஏறக்குறைய அந்த அளவில் நீங்களும் கொடுப்பதுதான் அது. பாதிக்குப் பாதி என்று பங்கு பிரிப்பது அல்ல. பழிப்பவர்களையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில், 1916இல் பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் படை 57,470 பேரை இழந்தது. அதில் 19,240 பேர் இறந்தவர்கள், மற்றவர்கள் காயமடைந்தவர்களும் காணாமல் போனவர்களும். அந்தப் படையின் தளபதி ஹெய்க் மீதான கடுமையான தாக்குதல்களில் ஒன்று, 1916 டிசம்பரில் பிரிட்டிஷ் பிரதமரான லாயிட் ஜார்ஜின் நினைவுக்குறிப்பு. ஹெய்க் 1928இல் இறந்தபின் வந்த நூல் அது, எழுதியவருக்கும் காப்பாற்றிக்கொள்ள ஒரு பெயர் இருந்தது. 1960களிலிருந்து சில வரலாற்றாளர்கள் 1918 வெற்றிகளைக் காட்டி ஹெய்க்கை மறுமதிப்பீடு செய்தார்கள், மற்றவர்கள் ஏற்கவில்லை. யார், எப்போது, எந்த அடிப்படையில் சொன்னார்கள் என்று எழுதினால் போதும். தீர்ப்பை நீங்கள் எழுத வேண்டியதில்லை.

பதக்கங்களைப் பற்றிச் சுருக்கமாக: பதக்கம் கிடைத்ததற்கு அரசிதழ் நல்ல சான்று. பதக்கச் சான்றுரையில் உள்ள வீரச்செயல் விவரத்தை ‘சான்றுரையின்படி’ என்றே எழுதுங்கள்.

உங்கள் கட்டுரையில் உள்ள ‘ஒப்பற்ற’, ‘அஞ்சா நெஞ்சன்’, ‘எதிரிகளைத் துடைத்தெறிந்தார்’ போன்றவற்றை எடுத்துவிடுங்கள். எந்த இடத்தில், எத்தனை நாளில், என்ன நடந்தது என்று எழுதினால் படிப்பவரே முடிவு செய்வார். அவர் படை பொதுமக்களைக் கொன்றிருந்தால், அதை ‘உயிரிழப்புகள் நேர்ந்தன’ என்று மழுப்ப வேண்டாம்.

பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் நூல்களையும் போர் வரலாற்று ஆய்விதழ்களையும் முதலில் தேடுங்கள். ஒரு நூலை நம்பலாமா என்று தெரிய, அதற்கு ஆய்விதழ்களில் வந்த மதிப்புரைகளைப் படியுங்கள். ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு கிடைத்து, அது வரலாற்றாளர் சொன்னதற்கு முரணாக இருக்கிறதா? அருமையான கண்டுபிடிப்பு, ஆனால் அதன் இடம் ஆய்விதழ். விக்கிப்பீடியா போன்றவை சொந்த ஆய்வை ஏற்பதில்லை.

தேடியும் சார்பற்ற சான்று ஒன்றுகூடக் கிடைக்காவிட்டால், அந்தத் தளபதிக்குத் தனிக் கட்டுரை வேண்டுமா என்பதே கேள்வி. அந்தப் போரைப் பற்றிய கட்டுரையில் ஒரு பத்தியாகவும் வைக்கலாம். ஒன்றிரண்டு கிடைத்தால், அவை தாங்கும் அளவுக்குக் கட்டுரையைச் சுருக்கி எழுதிவிட்டு, உரையாடல் பக்கத்தில் புதிய சான்றுகளைச் சொல்லி, அறிவிப்பு வைத்தவரையே பார்க்கச் சொல்லுங்கள். அறிவிப்பை நீங்களாக நீக்க வேண்டாம். தளபதி உங்கள் உறவினர் என்றால் அதையும் அங்கேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.