கேள்வி-பதில்: மலை ஜீப்பும் உடையும் ஸ்டப் ஆக்சிலும்

கேள்வி: மாருதி ஜிப்சி கிங் ஜீப் வைத்திருக்கிறேன். 31 இஞ்ச் டயரும், சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் 30 மி.மீ. வீல் ஸ்பேசரும் போட்ட பிறகு முன்பக்க ஸ்டப் ஆக்சில் இரண்டு தடவை வளைந்துவிட்டது. ‘ஹெவி டியூட்டி’ ஸ்பிண்டில் என்று ஒன்று விற்கிறார்கள். வாங்கலாமா? (வால்பாறை)

பதில்: முதலில் ஸ்பேசரைக் கழற்றுங்கள், அப்புறம் ஸ்பிண்டிலைப் பற்றிப் பேசலாம்.

ஸ்டப் ஆக்சில், ஸ்பிண்டில் இரண்டும் ஒன்றுதான்: ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரத்தோடு திரும்பும் நக்கிளில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் குட்டைக் குழாய். அதன் மேல்தான் பேரிங்கும், சக்கரத்தை மாட்டும் ஹப்பும் உட்கார்கின்றன. வண்டியின் பாரம் அதன் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. ஒரு சக்கரத்தில் 300 கிலோ ஏறுகிறது என்றால், ஸ்பேசர் போட்டதும் அதே பாரம் 3 செ.மீ. வெளியே தள்ளி நின்று குழாயின் அடியை நெம்புகிறது. இது வண்டி நிற்கும்போது. பள்ளத்தில் தொப்பென்று இறங்கினால் பல மடங்கு. டயரும் சேர்ந்துகொள்கிறது. கம்பெனி கொடுத்த 205/70 ஆர்15 டயர் சுமார் 67 செ.மீ. உயரம், உங்களுடையது சுமார் 79. பாறை பக்கவாட்டில் தள்ளும்போது அந்த நெம்பலின் நீளம் 6 செ.மீ. கூடிவிட்டது.

‘ஹெவி டியூட்டி’ என்று ஒரு இரும்பு உலகத்தில் இல்லை. இந்த இரண்டு சொல்லை ஸ்டிக்கராக ஒட்டிப் பணம் பிடுங்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. கடைக்காரரிடம் கேளுங்கள்: எஃகு எந்த ரகம், இஎன்8-ஆ, இஎன்19-ஆ, இஎன்24-ஆ? ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் ஏற்றுவது, செய்ததா? எவ்வளவு கடினத்துக்கு? பதில் தெரிந்தவர் பில்லில் எழுதித் தருவார். எழுத மறுத்தால் அந்தக் கடைப் படியை விட்டு இறங்கிவிடுங்கள். விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் வளையாமல் தாங்கும் வலு மூன்றில் ஒரு பங்கு கூடும், உண்மைதான். ஆனால் உங்கள் பேரிங்கின் துளை பழைய அளவுதானே? பழைய ஹப்புக்குள் போகிற ஸ்பிண்டில் அந்த இடத்தில் தடிக்க முடியாது. அதன் வலு முழுக்க எஃகிலும் ஹீட் ட்ரீட்மென்டிலும்தான் இருக்கிறது. இன்னொன்று, தடிமன் மாறும் மூலையைத் தடவிப் பாருங்கள். கத்தி வைத்து வெட்டியதுபோல் கூராக இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். வளைவாக உருட்டிக் கடைந்திருக்க வேண்டும்.

கேள்வி: 2020-க்குப் பிறகு வந்த மஹிந்திரா தார் ஜீப். முன்பக்கத்துக்கு பழைய ஜீப் ஸ்பிண்டில் கிட் மலிவாகக் கிடைக்கிறது. (சேலம்)

பதில்: உங்கள் வண்டியின் முன்பக்கம் இண்டிபெண்டண்ட் சஸ்பென்ஷன்: இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே ஆக்சில் கிடையாது, ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்கும். அந்தக் கிட்டை மாட்ட இடமே இல்லை.

கேள்வி: பழைய மஹிந்திரா ஜீப். பின் ஆக்சில் ராடு உடைந்து சக்கரமே கழன்று ஓடியது. பயந்துபோய் ஆன்லைனில் ஃபுல் ஃப்ளோட்டிங் கிட் வாங்கினேன். ராடை மூடியிருக்கும் ஹவுசிங்கில் சேரவில்லை. அளவு பார்க்காமல் வாங்கிவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா? (ஏற்காடு)

பதில்: உங்கள் பயம் நியாயமானது. செமி ஃப்ளோட்டிங்கில் ராடுதான் சுழற்றவும் வேண்டும், பாரமும் சுமக்க வேண்டும். அது உடைந்தால் சக்கரமும் கையோடு போய்விடும். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் பாரத்தை ஸ்பிண்டில் சுமக்கும். ராடு உடைந்தாலும் சக்கரம் நிற்கும். போர்க்கால வில்லிஸ் எம்பி ஜீப்பின் பின் ஆக்சிலே இந்த வகைதான்.

ஆனால் அளக்காமல் வாங்கியதற்கு நான் என்ன செய்ய? ஆன்லைன் பக்கத்தில் போட்டிருந்த அளவும் வந்த பொருளின் அளவும் ஒன்றாக இருந்தால் உங்கள் வழக்கு நிற்காது. ரிட்டர்ன் தேதி தாண்டுவதற்குள் அனுப்பிவிடுங்கள். அடுத்த கிட் வாங்கும் முன் வெர்னியர் அளவுகோல் வைத்து ஹவுசிங் குழாய், பேரிங் துளை, போல்ட் வட்டம் மூன்றையும் அளந்து எழுதிவையுங்கள். வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவையும் ஒருமுறை படியுங்கள். இன்சூரன்ஸ்காரர் நிச்சயம் படித்திருப்பார்.

கேள்வி: சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு டிரிப் அடிக்கும் ஜீப் என்னுடையது. ‘புதுசு, ஒரிஜினல்’ என்று சொல்லி விற்ற ஸ்டப் ஆக்சில் மூன்றே வாரத்தில் விரிசல் விட்டது. பெயின்டைச் சுரண்டினால் உள்ளே வெல்டிங் கோடு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லைக் காட்டுகிறார் கடைக்காரர். (போடி)

பதில்: வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டு அந்த மலையில் இறங்குகிறவருக்கு ஒட்டுப்போட்ட இரும்பை விற்றிருக்கிறார்கள். இதை விடாதீர்கள்.

பில்லில் அச்சடித்த அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆகவே இன்றே பதிவுத் தபாலில் எழுதுங்கள். ‘வாடகை வண்டிதானே, நீ நுகர்வோரே இல்லை’ என்று மிரட்டுவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவரும் நுகர்வோர்தான், சட்டமே சொல்கிறது. உடைந்த துண்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், கிரைண்டரும் வைக்காதீர்கள். வெல்டிங் கோட்டைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். மசியவில்லையென்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பொருளின் விலையோடு, வண்டி நின்ற நாட்களின் வருமானத்தையும் கேளுங்கள்.

கேள்வி: பேரிங் இறுகிப்போனது. ஸ்பிண்டிலில் அது உட்காரும் இடம் நீலமாக இருக்கிறது. புது பேரிங் மட்டும் போட்டால் போதுமா? (கூடலூர்)

பதில்: போதாது. நீலம் பூத்த எஃகு சூட்டில் பதம் இழந்திருக்கலாம். ஸ்பிண்டிலையும் மாற்றுங்கள்.

பேரிங்கில் நானே ஏமாந்திருக்கிறேன். பெட்டி, ஹோலோகிராம் எல்லாம் அச்சு அசல். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும் பேரிங் வளையத்தில் (ரேஸ்) இருந்த எண் கரைந்து கையில் வந்தது. கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், கையில் பில்லும் இல்லை. அன்றிலிருந்து கடையிலேயே துடைத்துப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறேன்.

கேள்வி: வளைந்த ஸ்டப் ஆக்சிலை கேஸில் சுட்டு நிமிர்த்தித் தருகிறேன் என்கிறார் பட்டறைக்காரர். 500 ரூபாய்தான். (தாண்டிக்குடி)

பதில்: வேண்டாம். சுட்டால் ஹீட் ட்ரீட்மென்ட் போய்விடும், நிமிர்த்தினால் விரிசல் உள்ளே ஒளிந்துகொள்ளும். காயலான் கடையில் போடும்முன் கட்டரால் இரண்டாக வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் அது பெயின்ட் பூசி இன்னொருவர் வண்டிக்குப் போகும்.