டாலி ஆன பிறகு

அன்புள்ள சார்,

பேரேடுகள் பற்றிய உங்கள் பழைய கட்டுரையைப் படித்தேன். நான் அரசு வங்கி ஒன்றில் நாலு வருஷமாக அதிகாரி. வட்டி, கணக்கு முடிப்பு எல்லாவற்றையும் கணினியே பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் எட்டு மணிக்கு முன் வீடு திரும்பியதில்லை. இன்று எத்தனை காப்பீடு, எத்தனை கார்டு விற்றீர்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் மணிக்கொரு தரம் கேட்கிறார்கள். "நாங்க எல்லாத்தையும் கையால எழுதினோம், உங்களுக்கென்ன?" என்கிறார் வங்கியிலேயே ஓய்வுபெற்ற என் மாமனார். உண்மையில் யார் வேலை கடினம்?

சே.

அன்புள்ள சே.,

உங்கள் மாமனார் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. மாதாமாதம் சேமிப்புக் கணக்குப் பேரேடுகளைக் கூட்டி, கிளையின் மொத்தக் கணக்கு இருக்கும் பொதுப் பேரேட்டோடு ஒப்பிடுவோம். இரண்டும் ஒத்துப்போகாமல் உதைக்கும். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், எங்கோ 54ஐ 45 என்று எழுதியிருப்போம். இல்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடுவோம். பற்றில் போக வேண்டிய தொகை வரவில் ஏறியிருக்கும். இரவு பத்தாகிவிடும். அரையாண்டு வட்டி இன்னும் மோசம். மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள்வரை இருந்த குறைந்தபட்ச இருப்பை ஒவ்வொரு கணக்கிலும் கண்ணாலேயே தேட வேண்டும். அந்தக் காலத்தின் மேல் எனக்கு ஏக்கமெல்லாம் இல்லை, கழுத்துவலிதான் மிச்சம்.

ஆனால் அந்த வேலை முடியும். இரண்டு கூட்டுத்தொகையும் ஒத்துப்போனதும் 'டாலி ஆயிடுச்சு' என்று யாராவது கத்துவார்கள். பேரேட்டை மூடிவிட்டு டீக்கடைக்குப் போவோம். அதற்கு மேல் மேலாளரும் எதுவும் கேட்க முடியாது. உங்களுக்கு இன்று பத்து கார்டு என்றால் நாளை பன்னிரண்டு, அவ்வளவுதானே?

1983இல் இயந்திரங்களைக் கொண்டுவருவது பற்றி இந்திய வங்கிகள் சங்கத்தோடு தொழிற்சங்கங்கள் ஒப்பந்தம் போட்டன. 1993இல் கணினிக்காக இன்னொன்று. ஆட்களைக் குறைத்துவிடுவார்கள் என்பதுதான் எங்கள் பயம். அது வீணான பயமும் அல்ல. 2000-01இல் வந்த விருப்ப ஓய்வில் அரசு வங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். நானும் ஒருவன். ஆனால் மிச்சமாகிற நேரம் யாருக்குப் போகும் என்று எங்கள் கிளைக் கூட்டங்களில் ஒருவரும் கேட்ட ஞாபகம் இல்லை. நானும் கேட்கவில்லை.

சரி, மாமனார் அடுத்த முறை ஆரம்பித்தால், டாலி ஆன பிறகு அவர் எத்தனை பாலிசி விற்றார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.